நன்னூல் பயின்ற ஊரில் ஆங்கில இலக்கணம்

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் பாதிரிமார், தமிழ் இளைஞர்க்கும் பிறர்க்குமாக யாழ்ப்பாணத்திலே ஒரு கல்லூரி அமைத்தற்குரிய திட்டமொன்றை வெளியிட்டனர். அத்திட்டத்தின் வழி வட்டுக்கோட்டையில் எழுந்த செமினரியிலே ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. தானியேல் பூவர் பாதிரியார் 1816இல் தெல்லிப்பழையிற் பாடசாலை தொடங்கியபோது இந்நாட்டு மாணவர்க்கு ஆங்கில எழுத்தே புதிது. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்ற யாழ்ப்பாணத்தவர்களே. ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. சென்னை நகரத்திலேயே ஆங்கிலம் பயின்றோர் பலர் இருக்க, கடல் கடந்த ஒரு சிறு குடாநாட்டினர் இங்ஙனம் முந்தியது எவ்வாறு?

இவ்வினாவுக்குப் பெரும்பாலார் கூறும் விடை, மிஷனரிமாரின் தொண்டு என்பதாம். இது பெரிதும் உண்மையே. மாணவர் செமினரியிலேயே தங்கிக் கற்றனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் வாயிலாக அதனைக் கேட்டனர். கோல்புறூக் ஆணைக்குழுவினரின் 1830களின் சீர்திருத்தங்களுக்குப் பின்னர் ஆங்கிலங் கற்றார்க்கு அரசாங்க உத்தியோகமும் காத்திருந்தது. ஆயினும் ஆங்கில இலக்கணம் என்னும் ஒரு கூற்றை மட்டும் தனித்தெடுத்து நோக்குமிடத்து, இவ்விடை போதாது என்பதே எனது கருத்து. அவ்விலக்கணத்தைப் பெற்றுக்கொண்ட மாணவன் வெறுங்கையனாய் வந்தவனல்லன். அவன் கையிலே நன்னூல் இருந்தது.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடி முதலியவற்றை முடித்த மாணவன் நிகண்டை மனனஞ் செய்தான். மேலுங் கற்க விரும்பினால், ஒரு புலவரை அடுத்து நன்னூலுக்குப் பொருள் கேட்டான். தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைக்குச் செல்லுமுன் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் பாடங் கேட்டவர். நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரது மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிற் சேருமுன்னரே தமிழ்க் கல்வியைத் தொடங்கியவர். இருபாலைச் சேனாதிராச முதலியார், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவர் என்போரிடம் தமிழ் பயின்றவர். இவர்களுக்கு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பன புதிய சொற்களல்ல. ஒரு சொல்லை எடுத்து, இது பெயரோ வினையோ, எவ்வேற்றுமை ஏற்றது, எதனைக்கொண்டு முடிந்தது என வினாவுதல் இளமையிலேயே கைவந்த பழக்கம். ஆங்கில வகுப்பிலே ‘பாசிங்’ என்ற பெயருடன் அதே வினா எதிர்ப்பட்டபோது, மாற்றம் மொழியில் இருந்ததேயன்றித் தொழிலில் இருக்கவில்லை.

இனி, அவர்களுக்குக் கிடைத்த ஆங்கில இலக்கணந்தான் எத்தகையது? அமெரிக்கப் பாதிரிமார் தம் நாட்டில் இளைஞராய்ப் பயின்ற காலத்து, ஆங்கு லிண்ட்லி மறே என்பவரது இலக்கண நூல் பெருவழக்காயிருந்தது. மறே அமெரிக்காவிலே பிறந்து இங்கிலாந்தின் யோர்க் நகரத்திற் குடியேறிய வழக்கறிஞர்; அங்கிருந்த ஒரு பெண்கள் பாடசாலைக்கு உதவும்பொருட்டு 1795இல் அந்நூலை எழுதினார். சொற்களை ஒன்பது வகையாகவும், பெயரின் வேற்றுமையை மூன்றாகவும் அவர் பகுத்தார். அவர் நூலும், அவருக்கு முன்னும் பின்னும் எழுந்த பலவும், இலத்தீன் இலக்கணம் என்னும் அச்சில் ஆங்கிலத்தை வார்த்தவை. இலத்தீனிலே பெயர்ச்சொல் ஈறு திரிந்து வேற்றுமை காட்டும். ஆங்கிலப் பெயரோ உடைமைப் பொருளைத் தவிர வேறெவ்விடத்தும் திரிவதில்லை. எழுவாயாக நிற்கும் பெயரும் செயப்படுபொருளாக நிற்கும் பெயரும் உருவத்தில் ஒன்றே. உருவம் ஒன்றாயிருக்க அவற்றை இரண்டு வேற்றுமையென எண்ணி மனனஞ் செய்வித்தது, ஆங்கிலச் சிறுவனுக்கே விளங்காத காரியம்.

தமிழ் மாணவனுக்கு இப்பாடத்தில் எளிமையும் இருந்தது, இடரும் இருந்தது. வேற்றுமை என்ற கருத்தை அவனுக்குப் புதிதாக உணர்த்த வேண்டியதில்லை. எட்டு வேற்றுமை அறிந்தவனுக்கு மூன்று ஒரு பொருட்டன்று. அவ்வறிவே அவனை வழி தவறவும் செய்தது. தமிழில் வேற்றுமையைக் காட்டுவது உருபு. ஆகையால், ‘இராமன் கண்ணனை அடித்தான்’ என்றாலும், ‘கண்ணனை இராமன் அடித்தான்’ என்றாலும் அடிபட்டவன் கண்ணனே. ஆங்கிலத்திற் கூறுங்கால் ‘ராமன் பீற் கண்ணன்’ என்பதிற் பெயர்களை இடமாற்றிவிட்டால் அடி இராமன் முதுகில் விழும். தமிழில் ஐகாரவுருபு செய்யும் வேலையை ஆங்கிலத்திலே இடம் செய்கின்றது. வினைக்கு முன் நின்றது எழுவாய், பின் நின்றது செயப்படுபொருள். ஆங்கில வாக்கிய அமைப்பின் அடிப்படை இது ஒன்றே. ஏனைய பலவும் இதிலிருந்து பிறப்பன.

ஆங்கிலமும் தொடக்கத்தில் இவ்வாறிருக்கவில்லை. பழைய ஆங்கிலத்திலே பெயர்கள் ஈறு திரிந்து வேற்றுமை காட்டின; சொற்களின் வரிசையும் இத்துணை இறுக்கமாய் இருந்ததில்லை. கி. பி. 11ஆம் நூற்றாண்டை அடுத்த காலப்பகுதியில் அவ்வீறுகள் தேய்ந்து மறைய, அவற்றின் சுமையை வரிசை ஏற்றுக்கொண்டது. இவ்வரலாற்றை அக்காலத்து இலக்கண நூல்கள் மாணவனுக்குச் சொல்லவில்லை. வேற்றுமையை விரித்துப் பேசிய அந்நூல்கள், வேற்றுமையின் இடத்தில் வந்தமர்ந்த வரிசையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசின.

அங்ஙனமாயின், நூல் சொல்லாத ஒன்றை யாழ்ப்பாணத்து மாணவன் எவ்வாறு பிடித்துக்கொண்டான்? இங்கேதான் நன்னூற் பயிற்சி துணை நின்றது என்பேன். அந்நூலின் பொதுவியலிலே பொருள்கோள் எட்டு வகையாக விரிக்கப்படுகின்றது. யாற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூண், தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என்பன அவை. செய்யுளிலே சொற்கள் நின்றவாறே பொருள் தருவனவும் உள. இடம் பெயர்த்துக் கூட்டினால் மட்டுமே பொருள் தருவனவும் உள. ஒரு செய்யுளைக் கொடுத்து அதன் சொற்களை முறைப்படுத்தச் சொன்னால், மாணவன் எழுவாயைத் தேடுவான். அதன் பயனிலையைத் தேடுவான். அடைகளை உரியவற்றோடு சேர்ப்பான். சொற்கள் நிற்கும் இடம் வேறு, அவை ஒன்றோடொன்று கொண்ட உறவு வேறு என்ற உணர்ச்சி இப்பயிற்சியால் அவனுள் ஊறிப்போயிற்று. அவ்வுணர்ச்சி உடையவனுக்கு, இடத்தாலேயே உறவு காட்டும் ஒரு மொழி எதிர்ப்பட்டால், அதன் வேறுபாடு உடனே புலப்படும். அவ்வுணர்ச்சி இல்லாதவன் தன் மொழியின் வரிசையை அறியாமலே அங்கும் கொண்டு செல்வான்.

எழுவாயைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ‘வந்தேன்’ என்ற ஒரு சொல் தமிழில் முழு வாக்கியமாகும். அதன் விகுதியே தன்மை, ஒருமை என்பவற்றைக் காட்டிவிடுவதால் எழுவாய் தோன்றாது நிற்கலாம். அதனைத் தோன்றா எழுவாய் என்கின்றோம். ஆங்கில வினைக்கு இவ்வாற்றல் பெரும்பாலும் இல்லை. ஆகவே அங்கே எழுவாயை விட்டுவிடுதல் இயலாது. ஏவல் வாக்கியம் ஒன்றே விலக்கு. எழுவாயாக நிறுத்தற்கு ஒரு பொருளும் இல்லாதபோதும் அவ்விடத்தை வெறுமையாய் விட ஆங்கிலம் உடன்படுவதில்லை. நாம் ‘மழை பெய்கின்றது’ என, பெய்வதாகிய மழையையே எழுவாயாக்குகின்றோம். ஆங்கிலேயனோ மழையை வினையாக்கிவிட்டு, எழுவாய்க்கு ஆளின்றி, ‘இற்’ என்ற பொருளற்ற சொல்லை அவ்விடத்திற் காவலுக்கு நிறுத்துகின்றான். அந்த ‘இற்’ எதனைக் குறிக்கின்றது என்று மாணவர் கேட்பதுண்டு. ஒன்றையுங் குறிக்கவில்லை; இடத்தைக் குறிக்கின்றது என்பதே தக்க விடை.

இனி, ‘அவன் ஆசிரியன்’ என்பது வினையே இல்லாத வாக்கியம்; பெயர்ப் பயனிலை கொண்டது. ஆங்கிலத்திலோ ‘இஸ்’ என்ற வினை இடையில் வாராவிடின் வாக்கியம் நிற்காது. பெயர்ப் பயனிலை, வினைப் பயனிலை என்ற வேறுபாட்டை அறிந்த மாணவனிடம், ஆங்கிலத்திற் பெயர் தனித்துப் பயனிலையாவதில்லை என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்வான். அவ்வேறுபாட்டை அறியாதவனுக்கு ஓராண்டு கற்பித்தாலும் ‘இஸ்’ ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

ஆட்டிக்கிள் என்பது தமிழில் இல்லை என்று ஆசிரியர் பலர் கைவிரித்துவிடுவர். ‘ஏ’, ‘தி’ என்னும் இரண்டும் எங்கு வரும் என்பதனை மாணவர் ஊகத்துக்கே விட்டுவிடுவாருமுளர். ‘புத்தகம் வாங்கினான்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினான்’ என்றால் நாம் முன்னரே அறிந்த ஒன்று. அஃறிணைச் செயப்படுபொருளில் ஐயுருபு தொக்கு நிற்றலும் விரிந்து நிற்றலும், ஆங்கிலத்தில் ‘ஏ’யும் ‘தி’யும் உணர்த்தும் வேறுபாட்டுக்குப் பெரிதும் அண்மையானவை. எல்லாவிடத்தும் இது பொருந்தும் என்று கூற வரவில்லை. எனினும் இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்று நம் வாயிலே நாள்தோறும் வழங்குகின்றது என்பதைக் காட்டினால், வகுப்பு நிமிர்ந்து உட்காருகின்றது.

இரு மொழி வாக்கியங்களும் அருகருகே நின்று பழகிய காலம் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. 1841ஆம் ஆண்டு தைமாதத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ ஆங்கிலத்திலும் தமிழிலுமாக வெளிவந்த பத்திரிகை. செமினரியிற் பயின்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்போர் அதன் முதற் பத்திராசிரியர்கள். மானிப்பாயிலிருந்த மிஷன் அச்சியந்திரசாலையிலிருந்து 1842இல் தமிழகராதி வெளிவந்தது. அதனையடுத்து ஆங்கிலம்–தமிழ் அகராதியும், 1862இற் சென்னையிலே வின்சிலோவின் பேரகராதியும் வந்தன. இவற்றிற்கு உழைத்த தமிழறிஞர் ஒவ்வொருவரும் ஒரு மொழியின் தொடரை மற்றொன்றில் நிறுத்திப் பார்த்தவர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழாக்கிய நாவலரும் அத்தகையவரே. மெதடிஸ்த பாடசாலையில் அவர் கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார் என்பது நினைவு கூரத்தக்கது.

நாவலர் 1848இல் அப்பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய வரலாறு யாவரும் அறிந்தது. அவர் துறந்தது பதவியையே. ஆங்கில வாக்கியத்திடம் தாம் கற்றதைத் துறந்தாரல்லர். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளை அவர் தமது வசன நூல்களில் ஒழுங்குற வழங்கினார். நீண்ட தமிழ் வாக்கியத்தில் எது எதனோடு இயையும் என்பது அக்குறிகளால் கண்ணுக்குத் தெரிந்தது. அவரது இலக்கணச் சுருக்கத்தை எடுத்து நோக்குவோம். நன்னூல் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என இரண்டோடு நிற்க, நாவலர் தொடர்மொழியதிகாரம் என மூன்றாவதொன்றை வகுத்தார். நன்னூலிற் பலவிடத்தும் விரவிக் கிடக்கும் தொடர் பற்றிய விதிகள் அங்கே தனியதிகாரம் பெறுகின்றன. எழுத்து, சொல், தொடர் என்ற இவ்வரிசை, மறே போன்றோரின் ஆங்கில இலக்கணப் பகுப்பினது முதல் மூன்று பிரிவுகளோடு ஒத்திருக்கின்றது. அங்கிருந்தே கொண்டார் என்று துணிதற்கு அவரே எழுதிய சான்று வேண்டும். ஆயினும் ஆங்கிலங் கற்பித்த ஒருவர் இவ்வொப்புமையை அறியாமல் எழுதியிருப்பார் என்று நம்புதல் அரிது. ஒவ்வோரியலின் இடையேயும் ‘தேர்வு வினாக்கள்’ வைத்திருப்பதும் பள்ளிக்கூட நூலின் புதுமுறையே. ஆங்கில இலக்கணத்தைக் கற்க நன்னூல் உதவியது என்றோம். கடன் இங்கே திருப்பிச் செலுத்தப்பட்டது.

செமினரியின் முடிவு ஆங்கிலத்தாலேயே வந்தது. அமெரிக்காவிலிருந்து றூபஸ் அன்டேர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவினர், மாணவர் ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கு ஏணியாகவே கொள்கின்றனர், மிஷன் ஊழியத்துக்கு இக்கல்வி பயன்படவில்லை எனக் கண்டு, தாய்மொழிக் கல்வியையே வற்புறுத்தினர். 1855இற் செமினரி மூடப்பட்டது. தாய்மொழிக்கு ஆதரவாகக் கூறப்பட்ட அந்நியாயம், தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தழைத்த ஒரேயிடத்தை மூடிற்று என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அவ்வாண்டிலேயே நாவலர், ஆங்கிலத்துக்காகச் சைவப்பிள்ளைகள் பிறரை நாடவேண்டிய நிலையை நீக்கக் கருதி, சைவ ஆங்கில வித்தியாசாலையொன்றைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டினால் அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. அவர் எண்ணம், வட்டுக்கோட்டையிற் கற்ற நெவின்ஸ் குடும்பத்தவர் தொடங்கிய பாடசாலையைச் சைவ பரிபாலன சபையார் ஏற்று, 1890இல் வண்ணார்பண்ணையிலே இந்துக் கல்லூரியாக நிலைபெறச் செய்தபோது நிறைவேறிற்று.

அதன்பின் வந்த அரைநூற்றாண்டு நெஸ்பீல்டின் காலம். வட இந்தியாவிற் கல்வியதிகாரியாயிருந்த அவரது நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்தவை. வாக்கியத்தை எழுவாய், எழுவாயடை, பயனிலை, செயப்படுபொருள், பயனிலையடை எனக் கட்டம் போட்டுப் பிரிக்கும் ‘அனலிசிஸ்’ முறை அவற்றிலே சிறந்து விளங்கிற்று. 1930களில் றென், மாட்டின் இருவரது நூல் வந்தது. றென் பம்பாய்ப் பகுதியிற் கல்விச் சேவையிலிருந்தவர். அந்நியப் படையணி பற்றிய புதினத்தால் உலகப் புகழ் பெற்றவரும் அவரே. இலக்கணங் கற்பித்தவருக்குள் இத்துணை வீரசாகசம் உறைந்திருந்ததை அவர் நூலைப் படித்துச் சலித்த மாணவர் நம்பமாட்டார். கேம்பிறிட்ஜ், லண்டன் மற்றிக்குலேசன் பரீட்சைகளுக்கு இந்நூல்கள் பயன்பட்டன. ஆங்கிலப் பாடசாலைகளிலே பிறபாடங்களும் ஆங்கிலத்தில் நடந்தமையால், இலக்கண நூலின் குறை வெளியே தெரியவில்லை. ஆனால் இக்காலத்திலேதான், ஆங்கிலம் அறிந்து தமிழிலக்கணம் அறியாத ஒரு கூட்டமும், தமிழிலக்கணம் அறிந்து ஆங்கிலம் அறியாத ஒரு கூட்டமும் எனக் கற்றோர் இரண்டாகப் பிரிந்தனர். வட்டுக்கோட்டையில் ஒரே தலைக்குள் இருந்தவை இரண்டு வீடுகளுக்குப் போயின.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனையொட்டிக் கீழ்வகுப்புகளிலிருந்து தாய்மொழிப் போதனையும் படிப்படியாக மேலேறிற்று. இது நீதியான மாற்றம் என்பதில் ஐயமில்லை. இதனால் ஆங்கிலம், பாடங்கள் யாவற்றையும் தாங்கும் நிலையிலிருந்து இறங்கி, நாளொன்றுக்கு ஒரு பாடவேளைப் பொருளாயிற்று. 1954இல் வெளிவந்த ஹோர்ன்பியின் வாக்கிய அமைப்பு நூல், இத்தகைய மாணவனுக்கே பொருந்துவது. யப்பானியர்க்கு ஆங்கிலங் கற்பித்த அவர், ஆங்கில வினைகளை இருபத்தைந்து வாய்பாடுகளாக வகுத்து, எவ்வினையின் பின் எது எவ்வரிசையில் வரும் எனக் காட்டினார். மறே சொல்லத் தவறிய வரிசையை இவர் நேரே சொன்னார். 1980களை ஒட்டி, பேச்சுப் பழக்கமே போதும், இலக்கணம் தானாக வரும் என்ற கொள்கை உலகெங்கும் பரவிற்று. வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் ஒலிக்கும் ஊரில் அது தானாக வரலாம். கிளிநொச்சிக்கும் பருத்தித்துறைக்கும் அது எவ்வழியால் வரும் என்பதை அக்கொள்கையினர் விளக்கவில்லை.

இன்று நம் மாணவனது நேரசூசியிலே இரண்டாம் பாடவேளை தமிழ், மூன்றாம் பாடவேளை ஆங்கிலம். முன்னையதிற் பெயரெச்சம் கற்கிறான். பின்னையதில் ‘ஹூ’, ‘விச்’ என்பவற்றால் வரும் சார்பு வாக்கியம் கற்கிறான். இரண்டும் ஒரே தொழிலைச் செய்வன என்று இரு ஆசிரியருள் ஒருவரும் சொல்வதில்லை; தமிழாசிரியர் ஆங்கிலத்தைத் தொடார், ஆங்கில ஆசிரியர் வகுப்பில் தமிழ் பேசுதலைக் குற்றமெனக் கொள்வார். 19ஆம் நூற்றாண்டின் மாணவனுக்கு எளிதாயிருந்த ஒன்று இவனுக்கு அரிதாயிருப்பதற்கு இப்பிரிவினை பெருங்காரணம் என்று நான் கருதுகின்றேன்.

உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் நான் கொடுத்துப் பார்க்கும் தொடர் ஒன்று உண்டு. ‘நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவன் கொண்டுவந்த புத்தகம்’ என்பது அது. இதனை ஆங்கிலமாக்கச் சொன்னால், முதலில் ‘நேற்று’ என்பதற்குரிய சொல்லை எழுதிவிட்டு எழுதுகோலைக் கடிப்பர். பின்னர் அவர்களிடம், அளைமறிபாப்பு என்றால் என்ன என்று கேட்பேன். வளையில் நுழையும் பாம்பு தலையை மடித்து மேலே வருவதுபோல, இறுதிச் சொல்லிலிருந்து முதலை நோக்கிச் சென்று பொருள்கொள்வது என்று தமிழ் படித்தவர் சொல்வர். அவ்வாறே இத்தொடரைக் கடைசியிலிருந்து எழுதுக என்பேன். புத்தகம், கொண்டுவந்த, மாணவன், வந்த, யாழ்ப்பாணத்திலிருந்து, நேற்று. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஆங்கிலச் சொல்லை வைத்து, இடையிலே ‘பை’, ‘ஹூ’ முதலியனவும் உரிய ஆட்டிக்கிளும் சேர்த்துவிட்டால், ஒரு சொல்லையும் இடம்பெயர்க்க வேண்டியதில்லை. ஆங்கிலத் தொடர் முழுமையாய் நிற்கும்.